அவருடைய பல் செட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிஞ்சுபோச்சு. எழுத்து கோணலாக விழும். ஒண்ணைச் சொல்ல ஆரம்பிச்சு இன்னொண்ணுக்குப் போயிருவேன், பாதி மறந்தும் போகுது. படிக்கிறவங்க பொறுத்துக்கணும். வீட்டில் புழங்குற இங்கிலீஷ் சொல் ஒண்ணைப் பத்தி எழுதி அனுப்புங்கன்னு ஒரு பத்திரிகையில் போட்டிருந்தாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதேன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் பார்த்தால் காலையில் எந்திரிச்சதிலிருந்து இங்கிலீஷ்தான் பேசுறேன். அதில் எனக்கு ரொம்பப் பழக்கமான சொல் 'செட்'.

நான் பிறந்தது திருவேங்கடம் பக்கம், கரிசல் காட்டில். மழை பெஞ்சால்தான் வெள்ளாமை. எங்க ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் கிணத்துக்கு மோட்டார் வச்சிருந்தாங்க. அந்த வீட்டுக்கே 'பம்பு செட்டு வீடு'ன்னு பேரு. அதனால் சின்ன வயசில் எனக்கு செட்டுன்னா தண்ணி கொட்டுற இடம். பிறகு மைக் செட்டு வந்துச்சு. சடங்கு வீட்டுக்கும், காது குத்துக்கும், கோயில் கொடைக்கும் புளிய மரத்தில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போட்டாங்க. அப்போ செட்டுன்னா சத்தம்னு ஆச்சு.

சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு அது எதுக்குத்தான் வரலைன்னு கேக்கணும். வளையக்காரி ஒரு செட்டு வளையல்னு எடுத்துக் காட்டுவா. அதில் ஒண்ணு உடைஞ்சால் செட்டு போச்சுன்னு சொல்லுவோம். ஓட்டலில் ஒரு செட்டு பூரி. மாடிக்கு கான்கிரீட் போட்ட கொத்தனார், "இன்னும் செட் ஆகலம்மா, மேல ஏறிராதீங்க"ன்னு சொன்னார். என் மகன் பத்தாவது படிக்கையில் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்னுக்கிட்டு, "ஒம் மகன் சேர்ற செட்டு ஒண்ணும் சரியில்ல, பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போனாள். அவனுக்குப் பொண்ணு பார்த்தபோது வந்த ஜாதகம் எல்லாம் செட் ஆகல, செட் ஆகலன்னே திரும்பிப் போச்சு. கடைசியில் ஒண்ணு செட் ஆயி, அந்தக் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த டீ செட்டு இன்னைக்கும் அட்டைப் பெட்டியோடு பரணில் இருக்கு. அதில் குடிக்கிற மாதிரி விருந்தாளி யாரும் எங்க வீட்டுக்கு வந்ததில்லை.

இது எல்லாத்துக்கும் சொல் ஒண்ணுதானா, வேறவேறயான்னு படிச்சவங்கதான் சொல்லணும். தமிழில் சொல்லணும்னா ஜோடி, கூட்டாளிங்க, இறுகுறது, பொருந்துறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தேடணும். எங்களுக்கு அந்த ஒண்ணே போதுமா இருந்துச்சு. ஆனால் இப்போ அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வர்றது பல் செட்டு மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுறவர். விடியக்காலம் மல்லி, பிச்சி, கேந்தி எல்லாம் மூட்டையாக வந்து இறங்கும். இவர் மேஜை மேல் ஏறி நின்னு ரேட்டுக் கூறுவார். தெரு முனையில் நின்னாலே கேக்கும்னு சொல்லுவாங்க. நான் போய்க் கேட்டதில்லை. ஆம்பளைங்க கூட்டத்துக்குள் போக எனக்குக் கூச்சம். வீட்டுக்கு யாராவது வந்தால்கூட, வாங்கன்னு சொல்லி டீயைக் கொடுத்துட்டு உள்ளே போயிருவேன். எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசினார்னு வச்சுக்கோங்க.

சர்க்கரை வந்த பிறகு அவருக்குப் பல்லு ஒண்ணொண்ணா ஆட்டம் கொடுத்துச்சு. சில பல்லை டாக்டர் எடுத்தார், சிலது தானா விழுந்துச்சு. மார்க்கெட்டில் அவர்கிட்ட வேலை பழகின ஒருத்தர் உண்டு. அவரைத் தம்பின்னுதான் கூப்பிடுவார். அந்தத் தம்பி ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் என் முன்னாலேயே, "அண்ணாச்சி, இன்னைக்கு ஒமக்குக் காத்துதான் வந்துச்சு, ரேட்டு வரல"ன்னு சிரிச்சார். இவரும் சிரிச்சார். சிரிக்கும்போது துண்டை எடுத்து வாயில் வச்சுக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடலை.

அப்புறம்தான் பல் செட்டுக் கட்டினது. மாவு மாதிரி ஒண்ணை வாயில் அமுக்கி அச்சு எடுத்தாங்களாம். குமட்டிக் குமட்டி கண்ணில் தண்ணி வந்துட்டுன்னார். செட்டு வந்ததும் போட்டுக்கிட்டு என்னைப் பார்த்து, "எப்பிடி இருக்கேன் ஏட்டி?"ன்னார். குதிரை மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொன்னேன். ஈறெல்லாம் புண்ணாகி, கழத்திச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டு வருவார். "எனக்கு இது செட் ஆகல. அந்த டாக்டர் யாருக்கோ செஞ்சத எனக்கு மாட்டி விட்டுட்டாரு"ன்னு திட்டுவார். டாக்டர், பழகுங்க அண்ணாச்சி, செட் ஆயிரும்னு சொல்லி அனுப்புவார். கொஞ்ச நாளில் செட் ஆயிட்டு. மறுபடி மேஜை மேல் ஏறினார். முறுக்கு மட்டும் கடிக்க மாட்டார், டீயில் முக்கித் தின்பார்.

படுக்கப் போகும்போது அதைக் கழத்தி, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் தண்ணி ஊத்தி அதில் போட்டு வைப்பார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டுத்தான் கழத்துவார். பல்லு இல்லாத முகம் வேற முகம். கன்னம் ரெண்டும் உள்ளே போய், உதடு மடிஞ்சு, அவங்க அப்பா கடைசிக் காலத்தில் இருந்த மாதிரி இருக்கும். மகன் லீவுக்கு வந்தால்கூட அவன் எந்திரிக்கிறதுக்கு முன்னால் பல்லை மாட்டிருவார். ஒரு தடவை நான் கேலியா, "பெத்த மகன்தான, பாத்தா என்ன?"ன்னு கேட்டேன். அவர் கேலியாப் பேசலை. "பல்லு இல்லன்னு ஊருக்கே தெரியும், தெரியட்டும். பாக்கக் கூடாது. இந்த மூஞ்சிய நீ ஒருத்திதான் பாத்திருக்க. அதோட போகட்டும், கேட்டியா"ன்னார். சரின்னேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் வேற எதையும் என்கிட்ட அப்பிடிக் கேட்டதில்லை.

அவர் போனது ஒரு காலை நேரம். எந்திரிச்சு உட்கார்ந்தவர் நெஞ்சு அடைக்குன்னார். உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. அடுத்த தெருவில் இருக்கிற என் கொழுந்தன், அவர் கூடப்பிறந்த தம்பி, ஆட்டோவோடு ஓடி வந்தார். தூக்கி உட்கார வைக்கையில் அந்த வலியிலும் துண்டை வாயில் வச்சுப் பொத்திக்கிட்டார். என்னைப் பார்த்து, பல் டப்பா இருக்கிற அலமாரியைக் கை காட்டினார். எனக்குப் புரிஞ்சுது. எடுக்கத் திரும்பினேன். "எங்க போறீய மைனி? நேரமில்ல, ஏறுங்க"ன்னு கொழுந்தன் கத்தினார். ஏறிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் போறதுக்குள்ளேயே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு பிறகு சொன்னாங்க.

திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தாடையோடு சேர்த்துத் தலையைச் சுத்தித் துணி கட்டியிருந்தாங்க. வாசலில் பந்தல் போட்டாச்சு. ஐஸ் பெட்டி வந்தாச்சு. "மேளச் செட்டுக்குச் சொல்லியாச்சா? சேர் ஒரு செட்டு பத்தாதே"ன்னு யாரோ கேக்காங்க. ஐஸ் பெட்டியில் கண்ணாடி மூடிக்கு அடியில் அவரைப் படுக்க வச்சாங்க. வந்தவங்க எல்லாரும் எட்டிப் பார்த்து, "ஏ யப்பா, ஒரே நாள்ல எப்பிடி வத்திப்போய்ட்டாரு"ன்னு சொல்லி அழுதாங்க. வத்தலை. பல்லு இல்லை, அவ்வளவுதான். எனக்கு அழுகைகூட வரலை. அவர் பொத்திப் பொத்தி வச்சிருந்ததை ஊரே குனிஞ்சு பார்த்துட்டுப் போகுதேன்னு இருந்துச்சு.

மகன் சென்னையில் இருக்கான். மதுரை வரைக்கும் விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் வரணும். போனில், "சித்தப்பா, எடுத்துராதீங்க, நான் அப்பா முகத்தப் பாக்கணும்"னு கத்தினது கூடம் முழுக்கக் கேட்டுச்சு. அவன் வர்றதுக்குள் அந்தப் பல்லை எடுத்து மாட்டிரணும்னு நினைச்சேன். குளிப்பாட்டும்போது வாய்க்கட்டை அவிழ்ப்பாங்க. அப்போ மாட்டலாம். பக்கத்தில் என்னைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த நாத்தனார், அவரோட அக்கா, காதில் சொன்னேன்.

"மைனி, அவுக பல்லு உள்ள டப்பாவுல இருக்கு."

"இப்ப பல்லுக்கு என்னளா அவசரம்? பேசாம அழு."

ஒண்ணுக்குப் போகணும்னு சொல்லித்தான் எந்திரிக்க முடிஞ்சுது. உள்ளே போனால் அலமாரியில் டப்பா இல்லை. அடுப்படியில் ஒரு செம்பில்கூடத் தண்ணி இல்லை. கொல்லையில் துவைக்கிற கல்லில் குடம், செம்பு, டம்ளர் எல்லாம் கழுவிக் கவுத்தியிருக்கு. அந்த எவர்சில்வர் டப்பாவும் மூடியும் அதோடு கவுந்து கிடக்கு.

எங்க பக்கம் சாவு விழுந்த வீட்டில் பிடிச்சு வச்ச தண்ணி, ஆக்கின சோறு எல்லாத்தையும் கொட்டிருவாங்க. நாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சேதி வந்துட்டு. பக்கத்து வீட்டு அம்மா பாவம், செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கா. கண்ணில் பட்ட பாத்திரத்தை எல்லாம் மடமடன்னு வாறுகாலில், அதான் சாக்கடையில், கவுத்திருக்கா. டப்பாவுக்குள் என்ன இருக்குன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? நானே பல தடவை அப்பிடி வேற வீடுகளில் கொட்டியிருக்கேன்.

உட்கார்ந்து வாறுகாலுக்குள் கையை விட்டேன். சோத்துப் பருக்கையும் சாம்பலும் சோப்பு நுரையுமா இருந்துச்சு. சுவருக்கு அடியில் தண்ணி வெளியே போற ஓட்டையில் ஒரு கம்பி உண்டு. மேல் பல்லு அதில் சிக்கிக் கிடந்துச்சு. கீழ்ப் பல்லைக் காணோம். அது சின்னது, கம்பிக்கு ஊடே தெருவுக்குப் போயிட்டு. தெருவில்தான் ஆம்பளைங்க எல்லாரும் சேர் போட்டு உட்கார்ந்திருக்காங்க.

தெருப் பக்கம் இருக்கிற கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். மார்க்கெட்டுத் தம்பி ஓரமா நின்னு யார்கிட்டயோ மாலைக்குச் சொல்லிக்கிட்டிருந்தார். அவர்கிட்ட அதுவரைக்கும் வாங்க, டீ எடுத்துக்கோங்கன்னு தவிர ஒரு வார்த்தை பேசினதில்லை. கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அந்த மேல் பல்லைக் காட்டினேன். "கீழ உள்ளது வாறுகால்ல போய்ட்டு. அவுக முகத்த யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக"ன்னேன். அவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தெரு வாறுகாலில் இறங்கிட்டார்.

சேரில் இருந்த ஒருத்தர் சத்தம் போட்டார். "என்னவே, அங்கன போயி ஏலம் போடுதீரு? மல்லி என்ன ரேட்டு?"

"மோதிரம் விழுந்துட்டு வே. சும்மா இரும்."

"ஒமக்கு ஏதுவே மோதிரம்?"

அவர் முழங்கை வரைக்கும் சகதியோடு தெருக்கோடி வரைக்கும் துழாவிட்டு வந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

மேல் பல்லு மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை. அதை மட்டும் போட்டால் வாய் மூடாது, முன்னால் துருத்திக்கிட்டு நிக்கும். அவரே ஒரு தடவை அப்பிடிப் போட்டு எனக்குக் காட்டியிருக்கார். அதைக் கழுவித் துடைச்சு முந்தானையில் முடிஞ்சுக்கிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

பொழுது இறங்கிக்கிட்டே இருந்துச்சு. மகன் வந்த விமானம் லேட்டு. இனிமே பொறுத்தால் இருட்டிரும்னு, கொழுந்தனோட மகனை வச்சு நீர்மாலைத் தண்ணி எடுத்துக் குளிப்பாட்டிட்டாங்க. அவன் வந்ததும் எடுத்திரலாம்னு, புது வேட்டி சட்டை போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாங்க. மார்க்கெட்டிலிருந்து மாலை வந்து குவிஞ்சுக்கிட்டிருந்துச்சு. கடைக்கு ஒண்ணு. மல்லியும் பிச்சியும் கேந்தியுமா மலை மாதிரி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த நினைப்பு வந்துச்சு. எந்திரிச்சு நின்னேன். நாத்தனார் கையைப் பிடிச்சு இழுத்தாங்க, நான் உட்காரலை.

"மூக்கு வரைக்கும் பூவ வையுங்க"ன்னேன். என் குரல்தானான்னு எனக்கே தெரியலை. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

"வாய்க்கரிசி போடாண்டாமா? இது என்ன புது வழக்கம்?"னு நாத்தனார் கேட்டாங்க.

"பூவுக்கு மேல போடுங்க."

"கிறுக்குப் பிடிச்சுட்டா ஒனக்கு?"

"பூவுக்கு மேல போடுங்க மைனி."

கொழுந்தன் ஏதோ சொல்ல வந்தார். அதுக்குள் மார்க்கெட்டுத் தம்பி, "மைனி சொல்லுதாகள்ல, அதுபடி செய்யுங்க"ன்னு சொல்லிக்கிட்டே மாலைகளை எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டார். கழுத்து, தாடை, உதடுன்னு மூக்குக்கு அடி வரைக்கும் மூடினார். நெத்தியும் மூடின கண்ணும் மட்டும் தெரிஞ்சுது. என் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேல் பல்லை அந்தத் தம்பி கையில் கொடுத்தேன். அதை இவரோட புதுச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினார். எல்லாரும் அரிசியைப் பூ மேல் போட்டாங்க. நானும் போட்டேன்.

அப்போதான் கார் வந்து நின்னுச்சு. மகன் செருப்பைக்கூடக் கழத்தாமல் ஓடி வந்து அவர் மேல் விழுந்தான். நெத்தியைத் தடவினான். தடவிக்கிட்டே, முகத்தைப் பார்க்க மாலையை விலக்கக் கையைக் கொண்டுபோனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடிச்சேன்.

"வேண்டாம்யா"ன்னேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை நான் எப்பிடி எழுத? ஏன்னு கேட்டான். நான் கையை விடலை. தூக்குங்கன்னு யாரோ சத்தம் கொடுத்தாங்க, தூக்கிட்டாங்க.

காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கிட்டே இருக்கணும். நான் பேசாத ஆளு, அங்கே பேசவும் ஆளில்லை. மருமகள் நல்ல பொண்ணுதான். அவளே ஒரு நாள் போனில், "அத்தைக்கு இந்த ஊரு செட் ஆகல"ன்னு யார்கிட்டயோ சொன்னாள். தப்பாச் சொல்லலை, உள்ளதுதான். ஊருக்குத் திரும்புறதுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது மகன் தட்டைப் பார்த்துக்கிட்டே, "கடைசியா ஒரு தடவ முகத்தப் பாக்க விடலையேம்மா நீ"ன்னான். கோபமாச் சொல்லலை. கோபமாச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவான்னு கேட்டேன்.

இப்பவும் வாரம் தவறாமல் போன் பண்றான். மாத்திரை போட்டியா, சாப்பிட்டியான்னு கேக்கான். ஒவ்வொரு தடவையும் இன்னைக்குச் சொல்லிரணும்னு போனை எடுப்பேன். பல்லு இல்லாததை மறைக்கச் சொல்லலை உங்க அப்பா, பார்க்க விடக் கூடாதுன்னுதான் சொன்னார்னு சொல்லணும். அது வாய்க்கு வர்றதுக்குள் வச்சுருதேன்னு சொல்லி வச்சுருவான். எழுத்தில் வருது, பேச்சில் வரலை. அவன் இதைப் படிச்சால் படிக்கட்டும்.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் தெரியலை. எங்களில் பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்லை. அங்கே போனதும் பூவை எல்லாம் எடுத்துட்டு மறுபடி அரிசி போட்டாங்க, மகன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் கொள்ளி வச்சான்னு கொழுந்தன் சொல்லுதார். மார்க்கெட்டுத் தம்பி, தலைமாட்டில் நான்தான் நின்னேன், கடைசி வரைக்கும் ஒருத்தரையும் பூவைத் தொட விடலைன்னு சொல்லுதார். மகனும் நீ விடலைன்னுதான் சொன்னான், பார்க்கலைன்னு சொல்லலை. பார்த்திருந்தால் அவர் கேட்டதை நான் காப்பாத்தலை. பார்க்கலைன்னா என் பிள்ளைக்கு அந்த முகம் இல்லாமலே போச்சு. எது நடந்திருந்தால் நல்லதுன்னும் எனக்குச் சொல்லத் தெரியலை. மகன்கிட்ட நான் எப்பிடிக் கேக்க? அன்னைக்கு அங்கன இருந்தவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, ரெண்டு பேர் சொல்லுறதில் எது சரின்னு கொஞ்சம் விசாரிச்சு எனக்குச் சொல்லுங்க. நான் எழுதினதில் வேற பிசகு இருந்தாலும் திருத்திருங்க.